24 வரி, 80 எழுத்து: மெயின்ஃப்ரேம் ஸ்கிரீனுக்கு பாட் எழுதின அனுபவம்

ஆர்பிஏன்னா மனுஷங்க ஸ்கிரீன்ல பண்ற வேலையை பாட் (bot)ங்கற சாஃப்ட்வேரை வச்சு பண்ண வைக்கறது. இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்ககிட்ட "இந்த ப்ராசஸ் மெயின்ஃப்ரேம்ல (பேங்க் மாதிரி பெரிய இடங்கள்ல இருக்கற பெரிய கம்ப்யூட்டர்) ஓடுது"ன்னு சொன்னா உடனே முகம் மாறிடும். கறுப்பு ஸ்கிரீன், பச்சை எழுத்து, க்ளிக் பண்ண பட்டன் கிடையாது, இதுக்கு எப்படி பாட் எழுதறதுன்னு கேப்பாங்க. பல வருஷமா இதே வேலை பண்றதால எனக்கு இதுல உறுதியான ஒரு அபிப்ராயம் இருக்கு, ஒரு பாட்டுக்கு கிடைக்கக்கூடிய ஸ்கிரீன்லயே ரொம்ப நம்பலாம்னா அது இந்த பழைய டெர்மினல் ஸ்கிரீன்தான். சிரமம் எல்லாம் வேற இடத்துல இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

மெயின்ஃப்ரேமோட பேசறதுக்கான ஸ்கிரீனும் கீபோர்டும் சேந்த ஐபிஎம் 3270 டெர்மினல் 1971ல வந்தது. அந்த கனமான டெர்மினல் பொட்டி எல்லாம் எப்பவோ போயிடுச்சு, இப்ப எல்லாரும் கம்ப்யூட்டர்ல அந்த டெர்மினல் மாதிரியே நடந்துக்கற எமுலேட்டர் சாஃப்ட்வேர் போட்டுத்தான் உள்ள போறாங்க, ஆனா பின்னாடி மெயின்ஃப்ரேமோட பேசற முறை அதேதான். சாதாரண சைஸ் 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920 இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. 5வது வரில 20வது காலம் (column)னா அது 340வது இடம், இன்னிக்கும் அதுதான், அந்த ப்ரோக்ராமை யாரும் தொடாத வரைக்கும் பத்து வருஷம் கழிச்சும் அதுதான். வெப் பேஜுக்கு பாட் எழுதினவங்களுக்கு இதோட அருமை தெரியும், அங்க யாரோ டிசைனை கொஞ்சம் மாத்தினா, பாட்டுக்கு பட்டனையும் பாக்ஸையும் அடையாளம் காட்டற செலக்டர் உடைஞ்சு காலைல வந்ததுமே ஃபெயிலான ரன்தான் நம்மள வரவேற்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, எமுலேட்டர் செட்டிங்ல யாராவது ஸ்கிரீன் மாடலை 27 வரி 132 காலம்னு மாத்திட்டா, ஸ்கிரீன் பாக்க பெருசா தெரியாட்டியும் அந்த 340 இப்ப 548 ஆயிடும். அதனால இந்த செட்டிங் எல்லாம் இருக்கற செஷன் ஃபைலை பாட்டோட சேத்தே வச்சுக்கணும், ஆளாளுக்கு அவங்கவங்க மெஷின்ல இருக்கற செட்டிங்கை நம்பக்கூடாது.

இன்னொரு நல்ல விஷயம், இங்க படத்தைப் பாத்து எழுத்தைக் கண்டுபிடிக்கற வேலையே (ஓசிஆர்) கிடையாது. ஈஹெச்எல்எல்ஏபிஐன்னு ஒரு பழைய இன்டர்ஃபேஸ் இருக்கு, எமுலேட்டர்கிட்ட "இந்த இடத்துலேந்து இத்தனை எழுத்து குடு"ன்னு கேட்டா அப்படியே டெக்ஸ்டா குடுக்கும், யூஐபாத், ப்ளூ ப்ரிஸம் மாதிரி ஆர்பிஏ டூல் எல்லாம் இந்த வழியா பேசும், சில டூல்ல எமுலேட்டரே இல்லாம நேரா டிஎன்3270 (நெட்வொர்க் வழியா 3270 பேசற முறை) கனெக்ஷனும் போடலாம். இத்தனை வசதி இருக்கும்போது ரிமோட் டெஸ்க்டாப்புக்குள்ள எமுலேட்டரை ஓடவிட்டு அதை வெளிய இருந்து ஓசிஆர் வச்சு படிக்கற டிசைன் யாராவது கொண்டு வந்தா நான் விடவே மாட்டேன். பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் குழப்பிக்கற பாட் ஒரு அக்கவுன்ட் நம்பரைப் படிக்கறது எவ்வளவு ஆபத்துன்னு சொல்லத் தேவையில்ல. நேரடி கனெக்ஷனுக்கு பர்மிஷன் வாங்க ஒரு மாசம் ஆனாலும் வாங்கிட்டு ஆரம்பிக்கறதுதான் சரி.

இப்ப இந்த ஸ்கிரீன் நடந்துக்கற விதம். நாம டைப் பண்றது எதுவும் உடனே மெயின்ஃப்ரேமுக்குப் போகாது. எழுத்தெல்லாம் டெர்மினல்லயே நிக்கும், என்டரோ ஒரு பிஎஃப் கீயோ (ஃபங்ஷன் கீ) அழுத்தினா மொத்தமா போகும், அதுலயும் மாறின ஃபீல்டுதான் போகும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் "இதை மாத்தியாச்சு"ன்னு ஒரு அடையாள பிட் இருக்கு, அது வச்சுத்தான் எது போகணும்னு முடிவாகும். இது தெரியாதவங்க "பாட் எல்லா ஃபீல்டையும் திரும்ப எழுதிட்டா நல்லதுதானே"ன்னு நினைப்பாங்க, ஆனா நாம தொடத் தேவையில்லாத ஒரு ஃபீல்டுல அதே மதிப்பை திரும்ப எழுதினாக்கூட அது மாறினதாத்தான் போகும், அந்தப் பக்கம் கோபால் (COBOL) மொழில எழுதியிருக்கற ப்ரோக்ராம் "ஓ இதையும் மாத்தியிருக்காங்க"ன்னு எடுத்துக்கிட்டு வேற ஏதாவது செக்கை ஓட்டலாம். எது மாறணுமோ அதை மட்டும் எழுது, எழுதறதுக்கு முன்னாடி ஃபீல்டு கடைசி வரைக்கும் அழி, இதுதான் நான் புதுப் பசங்களுக்கு முதல்ல சொல்றது. அழிக்காம எழுதினா பழைய நீளமான பேரோட வால் புதுப் பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே இருக்கும்.

டேப் கீயை வச்சு ஃபீல்டுக்கு ஃபீல்டு போற பாட்டுகளைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுதான் அடிக்கடி என் டேபிளுக்கு வர்ற கேஸ். ரெக்கார்டர்ல பதிவு பண்ண பாட் எல்லாம் மனுஷன் பண்ண மாதிரியே நம்பர் டைப் பண்ணும், டேப் அழுத்தும், அடுத்ததை டைப் பண்ணும். டெஸ்ட்ல அருமையா ஓடும். ப்ரொடக்ஷன்ல திடீர்னு தொகை போக வேண்டிய இடத்துல தேதி போய் உக்காரும், எல்லா ரெக்கார்டுலயும் இல்ல, சிலதுல மட்டும். என்ன நடக்குதுன்னா, நிறைய ஸ்கிரீன்ல ஃபீல்டு முழுசா நிரம்பினா கர்சர் தானாவே அடுத்த ஃபீல்டுக்குத் தாவிடும். பத்து எழுத்து ஃபீல்டுல ஒன்பது எழுத்து போட்டா தாவாது, டேப் வேணும். பத்தும் போட்டா தாவிடும், அதுக்கு மேல வர்ற டேப் ஒரு ஃபீல்டைத் தாண்டிப் போயிடும். டெஸ்ட் டேட்டால எல்லாம் சின்ன நம்பரா இருந்திருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இதுக்கு மருந்து ஒண்ணே ஒண்ணுதான், டேப்பையே நம்பாம வரி, காலம் சொல்லி நேரா அந்த ஃபீல்டுல எழுதறது, எழுதினதை திரும்பப் படிச்சு சரி பாத்துட்டு அப்புறம் என்டர் அழுத்தறது.

காத்திருக்கறதும் அப்படித்தான். என்டர் அழுத்தினதும் கீபோர்டு லாக் ஆகும், கீழ ஸ்டேட்டஸ் வரில ஒரு எக்ஸ் குறி வரும், பதில் வந்ததும் லாக் விடும். நிறைய பேர் இங்க ரெண்டு செகண்டு டிலேன்னு போட்டுட்டுப் போயிடறாங்க. சிஸ்டம் வேகமா இருக்கற நாள்ல அது வீண், மாசக் கடைசில லோடு ஏறும்போது அது பத்தாது. கீபோர்டு லாக் விட்டதை மட்டும் பாத்தாலும் போதாது, ஏன்னா சில ப்ரோக்ராம் ஸ்கிரீனை ரெண்டு தவணைல அனுப்பும், முதல் தவணைலயே லாக் விட்டுடும், பாதி ஸ்கிரீனைப் படிச்சுட்டு பாட் கெளம்பிடும். அதனால நான் எப்பவும் வச்சிருக்கற விதி, அடுத்த ஸ்கிரீனோட தலைப்பு இந்த இடத்துல வந்திருக்கணும், மெசேஜ் வரி நாம எதிர்பாத்த மாதிரி இருக்கணும், ரெண்டும் இருந்தாத்தான் நகரணும்.

சரி, ஆரம்பத்துல சொன்ன அந்த சிரமத்துக்கு வரேன்.

ஒரு ப்ராசஸை எடுக்கும்போது எங்களுக்கு ஒரு டாக்குமென்ட் குடுப்பாங்க, இந்த ஸ்கிரீன், இந்த ஃபீல்டு, என்டர், பிஎஃப்3. அதை அப்படியே எழுதினா ரன் ஆகும், ஆனா வேலை முடியாது. அந்த ஸ்கிரீன்ல வருஷக்கணக்கா வேலை பாத்த ஒரு ஆபரேட்டர் மேடம் பக்கத்துல உக்காந்து நான் பாத்தேன், அவங்க ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடியே அடுத்த ரெண்டு ஸ்கிரீனுக்கான எழுத்தை டைப் பண்ணிடுவாங்க, திடீர்னு ஒரு இடத்துல மட்டும் கை நிக்கும். "ஏன் மேடம் நின்னீங்க"ன்னு கேட்டா, "இல்ல தம்பி, இந்த மெசேஜ் வந்தா அந்த ரெக்கார்டை வேற யாரோ திறந்து வச்சிருக்காங்க, இப்ப போட்டா ஏறாது, மத்ததை முடிச்சுட்டு வரணும்"னு சொன்னாங்க. டாக்குமென்ட்ல அந்த மெசேஜே இல்ல. இன்னொரு தடவ பேர் ஒண்ணா இருந்தும் என்டர் அழுத்தாம வெளிய வந்தாங்க, கேட்டா ப்ராஞ்ச் கோடு பழசுன்னு சொன்னாங்க, அந்த ப்ராஞ்ச் எப்பவோ மூடியாச்சு, ஆனா சிஸ்டம் ஏத்துக்கும். அவங்களுக்கு இதெல்லாம் ஒரு விதியாவே தோணல, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு நினைச்சிருக்காங்க. அதனால "ப்ராசஸை சொல்லுங்க"ன்னு மீட்டிங் போட்டு கேக்கறதை நான் விட்டுட்டேன். பக்கத்துல உக்காந்து கை எங்க நிக்குதுன்னு பாக்கறேன், நின்ன இடம் ஒவ்வொண்ணும் பாட்ல ஒரு கண்டிஷன்.

எல்லாத்துலயும் பெரிய கண்டிஷன் எதுன்னா, என்டர் அழுத்தியாச்சு, பதில் வர்றதுக்குள்ள செஷன் அறுந்துடுச்சு. என்ட்ரி ஏறிச்சா ஏறலையா? மனுஷங்க பதறாம, ஏறினதைத் தேடிப் பாக்கற என்கொயரி ஸ்கிரீனுக்குப் போய் பாத்துட்டு வருவாங்க. பாட்டுக்கு ரீட்ரைன்னு சொல்லிக் குடுத்திருந்தா மறுபடியும் முதல்லேந்து அதே என்ட்ரியைப் போடும், ஒரே பணம் ரெண்டு தடவ ஏறும். இன்டர்நெட் பேஜ்ல ரீட்ரை போட்டுப் பழகினவங்க இந்த இடத்துல ரொம்ப கவனமா இருக்கணும். பணமோ ஸ்டாக்கோ மாறற எந்த ஸ்கிரீனுக்கும் ரீட்ரைக்கு முன்னாடி என்கொயரி கட்டாயம், அதுல தேடறதுக்கு ஏதாவது ஒரு ரெஃபரன்ஸ் நம்பரை நாமளே அந்த என்ட்ரியோட சேத்து எழுதி வைக்கணும், அதுக்கு ஸ்கிரீன்ல இடம் இல்லைன்னா அந்த ப்ராசஸை எடுக்கவே வேண்டாம்னு நான் சொல்லிடுவேன், சொல்லியும் இருக்கேன்.

மெயின்ஃப்ரேம் டீமோட முதல் நாள்லயே பேசிடணும், இது எவ்வளவு சொன்னாலும் பத்தாது. பாட்டுக்கு தனி யூசர் ஐடி வேணும், ஒரு ஊழியரோட ஐடில ஓடவிட்டா நாளைக்கு ஆடிட்ல எது அவர் பண்ணது, எது பாட் பண்ணதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பாஸ்வேர்டு எப்ப எக்ஸ்பயர் ஆகும், ராத்திரி பேட்ச் (மொத்தமா சேத்து ஓட்டற வேலை) ஓடறப்ப எந்த ஃபைல் எல்லாம் மூடியிருக்கும், இந்த ஸ்கிரீனை எல்லாம் ஓட்டற சிஐசிஎஸ் எத்தனை மணிக்குத் திரும்ப வரும், இதெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. நாலு பாட் சேந்து இடைவெளி இல்லாம என்டர் அழுத்தினா அது ஒரு டிபார்ட்மென்ட்டே மூச்சு விடாம வேலை செய்யற அளவுக்கு லோடு, அதை முன்னாடியே சொல்லிட்டா அவங்க நேரம் ஒதுக்கிக் குடுப்பாங்க.

அவங்ககிட்ட பேசினா இன்னொரு நன்மையும் இருக்கு. சில சமயம் "இதுக்கு எதுக்கு பாட், ஃபைலா குடுங்க, பேட்ச் ஜாப்ல ஏத்திடறோம்"னு சொல்லிடுவாங்க. ஆயிரக்கணக்கான வரி, எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்ல, அப்படியே உள்ள போகணும்னா ஸ்கிரீன் வழியா போறது சுத்து வழிதான். ஏபிஐ வழியா, அதாவது ஸ்கிரீன் இல்லாம மத்த ப்ரோக்ராம் நேரா பேசற மாதிரி, திறந்து விடற வசதியும் மெயின்ஃப்ரேம்ல இப்ப இருக்கு, அதுக்கு பட்ஜெட்டும் ஆளும் இருந்தா அதுதான் முதல் சாய்ஸ். எங்களை மாதிரி ஆளுங்க வேலை அது ரெண்டும் நடக்காத நடுவுல இருக்கற இடத்துக்குத்தான், அந்த இடம் பெருசாவே இருக்கு.

அந்த மேடமோட ப்ராசஸ் இப்ப பெரும்பாலும் பாட்லதான் ஓடுது. பாட்டுக்குத் தெரியாத மெசேஜ் வந்தா அந்த ஸ்கிரீன் முழுசையும் டெக்ஸ்டா சேத்து அவங்க க்யூவுக்கு அனுப்பிட்டு அடுத்த கேஸுக்குப் போயிடும், அவங்க பாத்து என்ன பண்ணணும்னு எழுதுவாங்க, நாங்க அதை அடுத்த ரிலீஸ்ல சேப்போம். ஒரு ஸ்கிரீன் மட்டும் இன்னும் அவங்க கையாலதான் நடக்குது, கஸ்டமர் பத்தின ரிமார்க்ஸ் ஸ்கிரீன் அது, யார் யாரோ பல வருஷமா இஷ்டத்துக்கு சுருக்கி சுருக்கி எழுதி வச்சது, அதைப் படிச்சுட்டுத்தான் அக்கவுன்ட்டை மூடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. அதையும் ஆட்டோமேட் பண்ணுங்கன்னு ஒவ்வொரு ரிவ்யூலயும் கேள்வி வருது, நான் ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னுதான் எழுதி அனுப்பறேன்.