கோவா வெயிலுக்கு வாடுதுன்னா முதல்ல வேரைப் பாருங்க

நம்ம இலங்கை மலைநாட்டுல லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பக்கத்துல ரெண்டு பாத்தி மரக்கறி போட்டிருக்கிற யார்கிட்ட பேசினாலும் முதல் கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்"னுதான் வருது. எனக்கு இதுல பெரிய ஆதங்கம் இருக்கு. மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி மண்ணையும் மழைத்தண்ணி ஓடுற வழியையும் பாருங்க, பாதிப் பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

கோவாவையே, அதான் முட்டைக்கோஸையே எடுத்துக்கோங்க. காலையில நிமிந்து நிக்கும், வெயில் ஏறினா துவண்டு போயிரும், பொழுது சாஞ்சா திரும்ப எழும்பும், உடனே தண்ணி பத்தலன்னு வாளி வாளியா ஊத்துறாங்க. ஒரு செடியப் புடுங்கிப் பாருங்க. வேரு இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தா அது வேர்வீக்க நோய். புளிப்பான ஈர மண்ணுலதான் இது நல்லா பரவும், தேயிலை கேக்குறதோ 4.5லிருந்து 5.5 வரைக்கும் பிஎச் (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு கூட) இருக்கிற புளிப்பு மண்ணு, அப்ப தேயிலை மலைய ஒட்டி இருக்கிற நம்ம பாத்தி எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மண்ணோட பிஎச்ச 7ஐ ஒட்டி ஏத்தினா நோய் நல்லா அடங்கும். நடுறதுக்குச் சில வாரம் முன்னாடியே புளிப்பக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கொத்தி விடணும், ஆனா மண்ணை டெஸ்ட் பண்ணிட்டு அளவு கேட்டுப் போடுங்க, உருளைக்கிழங்கு போடப்போற பாத்தியில அள்ளிக் கொட்டிட்டீங்கன்னா கிழங்குல சொறி வந்துரும்.

இன்னொண்ணு, அந்த வீங்கின வேரைக் குப்பை உரக் குழியில போடவே போடாதீங்க. அந்தக் கிருமி பத்து வருஷத்துக்கு மேலயும் மண்ணுல கிடக்கும். மம்பட்டியில ஒட்டுற சேறு, சப்பாத்துல ஒட்டுற சேறு, மேல் பாத்தியிலிருந்து இறங்குற தண்ணி, எல்லாத்துலயும் போகும். அந்தப் பாத்தியில கோவா, நோக்கோல், முள்ளங்கிய நிப்பாட்டிட்டு போஞ்சியோ லீக்ஸோ போடுங்க.

மழை மாசத்துல மிஸ்டும் குளிரும் சேந்தா உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இலைக் கருகல் வரும். 1845ல அயர்லாந்துல பஞ்சத்தக் கொண்டு வந்ததும் இதேதான். இலைக்கு அடியில வெள்ளையா பூத்திருக்கும், அதுக்கு அப்புறம் மருந்து அடிச்சு கருகின இலைய மீட்க முடியாது, நல்ல விதைக்கிழங்கு, காத்து போற மாதிரி இடைவெளி, தண்ணி தேங்காத பாத்தி, இதெல்லாம் முன்னாடியே செய்ய வேண்டியது.

மழை விட்டு காய ஆரம்பிச்சா கோவாவுக்கு வேற ஆள் வருவார், வைரமுதுகு அந்துப்பூச்சி. சின்னப் பச்சைப் புழு, தொட்டா துடிச்சுக்கிட்டு நூல்ல தொங்கும். உலகத்துல நிறைய மருந்துக்கு அசையாத பூச்சி இது, ஒரே மருந்தத் திரும்பத் திரும்ப அடிச்சா அதத்தான் பழக்கி விடுறோம். சின்னப் பாத்தின்னா இலைய திருப்பிப் பாத்து கையால எடுக்கிறதே போதும், மேலிருந்து தண்ணி தெளிச்சாலும் சின்னப் புழு கழுவிட்டுப் போயிரும்.

புல்லு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கோவமே வரும். சரிவுல இருக்கிற பாத்திய மழைக்கு முன்னாடி மொட்டையா சுரண்டி வச்சா மேல்மண்ணு பூரா தண்ணி ஓடுற கான்ல போயிரும், அந்த மண்ணு திரும்பி வராது. செடி அடியில மட்டும் புடுங்குங்க, ஓரத்துல விட்டு வைங்க, புடுங்கினதுல விதை இல்லாதத அங்கேயே மூடாக்கா போடுங்க. வேர்க்கிழங்கு ஓடுற புல்ல மட்டும் மம்பட்டியால நறுக்காதீங்க, ஒவ்வொரு துண்டும் முளைக்கும், மண் கிளப்புற இரும்பு முள்ளு போட்டுக் கிளப்பி வேரோட எடுங்க.

நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரியில வானம் தெளிஞ்சு காத்தில்லாத ராத்திரின்னா உறைபனி விழும். பொழுது சாயுறப்பவே பழைய சீலையோ சாக்கோ போட்டு மூடிட்டு வெயில் வந்ததும் எடுத்துருங்க. கருகின இலைய உடனே வெட்டாதீங்க, குருத்து உயிரோட இருக்கான்னு சில நாள் பொறுத்துப் பாத்துட்டு வெட்டலாம்.

என்ன நோய்னு பிடிபடலன்னா விவசாயத் திணைக்களத்தோட 1920க்கு கோல் எடுங்க, எடுக்கும்போது செடியோட வேர், இலையோட அடிப்பக்கம் ரெண்டையும் பாத்து வச்சுக்கோங்க, அததான் முதல்ல கேப்பாங்க.