எறும்புப் புற்றில் வளரும் நீலம்

“சித்தி, இதுவா?”

காலையிலிருந்து இருபதாவது தடவையாவது இருக்கும். அக்கா மகள் கேட்க, நான் குனிந்து பார்த்து, கையிலிருந்த படப் புத்தகத்தைப் புரட்டி, “இல்லம்மா, இது காமன் புளூ” என்று சொல்ல, அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்ததைத் தேடப் போவாள். இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், ஸ்ட்ரீட் என்ற ஊருக்கு மேலே இருக்கும் காலர்ட் ஹில் சரிவு. ஜூன் மூன்றாம் வாரம். பிரிஸ்டலில் அக்கா வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணம். வந்ததெல்லாம் ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சிக்காக. அதன் பெயர் லார்ஜ் புளூ.

பெயரில் ‘லார்ஜ்’ இருந்தாலும் பெரிய உருவமெல்லாம் இல்லை. இறக்கையை விரித்தால் நாலைந்து சென்டிமீட்டர். ‘புளூ’ என்று பெயர் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளுக்குள், அதாவது நீலன்களுக்குள், இது பெரியது, அவ்வளவுதான். உலகத்தில் இவற்றின் குடும்பமான லைகேனிடேயில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. முக்கால்வாசி கால் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதனால் யார் கண்ணிலும் படாமல் நம் காலடியிலேயே பறந்துகொண்டிருக்கின்றன.

இரண்டு நாள் முன்னால் டார்செட் கடலோரத்தில் போர்ட்லேண்ட் போயிருந்தோம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய வெள்ளைக் கல்லை வெட்டியெடுத்த இடம். கைவிட்ட கல்குவாரிகளில் மண் ஆழமில்லை, புல் உயரவில்லை, வெயில் மட்டும் நேராக விழுகிறது. நீலன்களுக்கு அது போதும். ஸ்மால் புளூவை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். பிரிட்டனிலேயே மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சி. பெயர்தான் நீலம். உண்மையில் அடுப்புக்கரி நிறம், ஆணின் மேல் மட்டும் யாரோ நீலப் பொடியை ஊதிவிட்டது போலிருக்கும். கிட்னி வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடி இல்லாத இடத்தில் அது வாழாது. பெண் அந்தப் பூங்கொத்துக்குள் ஒவ்வொன்றாக முட்டையைச் செருகிவிட்டுப் போகும். பொரிந்து வரும் புழு பூவையும் பிஞ்சு விதையையும் தின்னும். பக்கத்தில் இன்னொரு புழு இருந்தால் அதையும் தின்னும். பிறகு தரையில் இறங்கி, இடுக்கு பார்த்து ஒண்டிக்கொண்டு, அடுத்த வசந்தம் வரை தூக்கம்.

அதே குவாரியில் அடோனிஸ் புளூவும் இருந்தது. அந்த நீலத்தை எப்படிச் சொல்வது? மயில் கழுத்தை வெயிலில் திருப்பிப் பிடித்த மாதிரி. இத்தனைக்கும் அதில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. இறக்கைச் செதில்களின் நுண்ணிய அமைப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தில் வரும் நிறம் அது. பெண்கள் பெரும்பாலும் பழுப்பு. “பொண்ணு புளூ ஏன் பிரவுனா இருக்கு? இது அநியாயம் சித்தி” என்றாள் எங்கள் வீட்டு விஞ்ஞானி. முட்டையிட அலையும் நேரத்தில் பறவை கண்ணுக்குத் தப்ப வேண்டாமா என்று ஒரு பதில் சொன்னேன். அவளுக்குத் திருப்தியில்லை.

சரி, காலர்ட் ஹில்லுக்கு வருவோம்.

பத்தரை மணிக்கு மேகம் மூடியது. நீலன்கள் எல்லாம் விளக்கை அணைத்தது போல மறைந்துவிட்டன. கொண்டுபோன பிளாஸ்கைக் காரிலேயே விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரிவு ஏறி இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது தன்னார்வலர் ஒருவர், எழுபது வயதிருக்கும், கைத்தடியோடு வந்து பேச்சுக் கொடுத்தார். நாங்கள் பூச்சியைத் தேடிச் சரிவெல்லாம் ஓடுவதைத் தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறார் போல. “பூச்சியைத் துரத்தாதீங்க. தைம் பூத்திருக்கிற இடத்துல உட்காருங்க. அது வரும்” என்றார். தைம் என்பது தரையோடு படரும் சிறு செடி. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ.

உட்கார்ந்தோம். அவர் கதை சொன்னார். அதில் நான் ஏற்கெனவே படித்தது பாதி, தெரியாதது பாதி.

லார்ஜ் புளூ தைம் மொட்டில் முட்டை வைக்கும். புழு ஏறக்குறைய மூன்று வாரம் பூவைத் தின்று, கடைசியாக ஒருமுறை தோலுரித்து, ஒரு மாலை நேரத்தில் தரையில் விழும். அப்போது அது ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. இனிமேல் செடி பக்கம் திரும்பியும் பார்க்காது. செவ்வெறும்பு ஒன்று வந்து தொட்டுப் பார்க்கும்வரை அப்படியே கிடக்கும். எறும்பு வந்ததும் முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு சொட்டு இனிப்பு நீர் விடும். எறும்பு நக்கும். பிறகு புழு உடம்பை உப்பி நிமிர்த்தும். வாசனையும் அந்தத் தோரணையும் சேர்ந்து, ‘ஐயோ, நம்ம வீட்டுக் குழந்தை வெளியே கிடக்குதே’ என்று எறும்பை நம்ப வைத்துவிடும். வாயில் கவ்விப் புற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உள்ளே போனதும் இந்தப் ‘பிள்ளை’ செய்வது என்ன? எறும்பின் குஞ்சுகளையே தின்கிறது. பத்து மாதம். அதன் முழு எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேல் அந்த இருட்டில் சேர்ப்பதுதான். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் தந்திரத்தைப் பெரிசாகப் பேசுகிறோம். குயில் குஞ்சு காக்கையை ஊட்டச் சொல்கிறது, அவ்வளவுதானே. இது பிள்ளைகளையே சாப்பிட்டுவிட்டு அதே வீட்டில் கூட்டுப்புழுவாகித் தூங்குகிறது. ஜூனில் ஒரு காலை, இறக்கை விரியாத பூச்சியாக எறும்புச் சுரங்கம் வழியே ஊர்ந்து மேலே வந்து, புல்லில் ஏறி, இறக்கையை நிமிர்த்திக்கொண்டு பறந்து போகிறது.

இந்த ரகசியம் 1915ஐ ஒட்டித்தான் வெளியே வந்தது. பியூர்ஃபாய் என்ற ராணுவக் கேப்டன், வால்நட் ஓட்டுக்குள் எறும்பையும் புழுவையும் வைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார். எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே பிடித்த பொருள் அந்த வால்நட் ஓடுதான்.

ஆனால் ரகசியம் தெரிந்தும் பூச்சியைக் காப்பாற்ற முடியவில்லை. சேகரிப்பவர்கள் பிடித்துப் போகிறார்கள் என்று நினைத்து ஓரிடத்தில் வேலி போட்டார்கள். ஆள் வரவில்லை, ஆடு மாடும் வரவில்லை, புல் வளர்ந்தது, பூச்சி போய்விட்டது. 1950களில் நோய் வந்து முயல்களும் மடிந்தன. மேய எதுவும் இல்லாத சரிவுகளில் புல் இன்னும் உயர்ந்தது. 1970களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் டார்ட்மூர் பக்கம் எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தின் நடுவே ஆண்டுக்கணக்கில் கிடந்து கண்டுபிடித்தார்: எந்தச் செவ்வெறும்பு புழுவைத் தூக்கிப் போனாலும், மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் அது நன்றாகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்குத் தரை சூடாக இருக்க வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்து நிழல் விழுந்தாலே மண் குளிர்ந்துவிடும், எறும்பு இடத்தைக் காலி செய்துவிடும். பதில் கிடைத்தபோது நேரம் கடந்துவிட்டது. 1979ல் பிரிட்டனில் லார்ஜ் புளூ அற்றுப்போனது.

இங்கே இப்போது பறப்பவை ஸ்வீடன் வம்சம். 1983ல் தொடங்கிய மறுகுடியேற்றம். காலர்ட் ஹில்லுக்கு 2000ல் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்பே புல்லை ஆடு மாடு விட்டு மட்டமாக மேய்த்து, எறும்புக்கு வீடு தயார் செய்த பிறகுதான் விருந்தாளியை அழைத்தார்கள்.

பெரியவர் கைத்தடியால் புல்லைக் காட்டினார். “இதுதான் அளவு” என்றார். என் சுண்டுவிரலின் பாதிகூட இல்லை.

பன்னிரண்டரைக்கு வெயில் திரும்பியது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கீழேயிருந்து ஒன்று மேலேறி வந்தது. காமன் புளூ போலப் படபடக்கவில்லை, கொஞ்சம் கனத்த பறப்பு. நேராக வந்து எங்கள் முன்னாலிருந்த தைமில் உட்கார்ந்தது. முன்னிறக்கையில் மைத்துளி சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். அவள் கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அது பெண். பூவைத் தேனுக்காகப் பார்க்கவில்லை. மொட்டுக்கொத்தைச் சுற்றி நடந்தது, ஒன்றை விட்டது, அடுத்ததில் அடிவயிற்றை வில்லாக வளைத்து உள்ளே நுழைத்தது. இரண்டு மூன்று நொடி அசைவேயில்லை. அது போன பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். மொட்டுகளுக்கு நடுவே வெள்ளையாக, குண்டூசித் தலையளவுகூட இல்லாமல் ஒரு முட்டை. எறும்பு எதுவும் பக்கத்தில் தெரியவில்லை. ஆனால் பத்தடி தள்ளி ஒரு கல்லோரம் செவ்வெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எந்த இனம் என்று என்னால் சொல்ல முடியாது. அவை பாவம் என்று அவள் சொன்னாள்.

அதன் பிறகு இன்னும் நான்கு லார்ஜ் புளூ பார்த்தோம். படம் ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. எல்லாவற்றிலும் பாதி இறக்கை, மீதி புல்.

இறங்கும்போது எறும்பை மிதித்துவிடுவோமோ என்று நுனிக்காலில் நடந்தாள். கார் வரை இருபது நிமிஷம் ஆனது. வீட்டுக்குப் போனதும் கணக்குப் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்கு ஓடினாள். ஓரிடத்தில் ஐந்து சென்டிமீட்டர், வேலியோரம் ஏழு. சமையலறை ஜன்னல் வழியே கத்தினாள்: “அம்மா, புல்லை இன்னும் ஒட்ட வெட்டச் சொல்லு. எறும்புக்குக் குளிரும்!”