ஒற்றை வரியில் விடுபட்ட இருபது டிகிரி

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், பல்லடம் பக்கத்து டீலர் ஒருவர் சிமெண்ட் சாக்கு ஒன்றைக் கோயம்புத்தூர் கணபதியில் உள்ள எங்கள் பட்டறை வாசலில் இறக்கி வைத்து, "இதக் கொஞ்சம் பாருங்க அம்மணி, எல்லாம் ஒரே மாதிரி போயிருக்குதுங்க" என்றார். சாக்கில் பதினேழு போர்டுகள் இருந்தன. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்து, மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ மோட்டாரை நிறுத்திவிடும் போர்டு அது, வரைந்தவள் நான். பதினேழிலும் பவர் சப்ளைப் பகுதியில் நிற்கும் பெரிய கன்டென்சரின் தலை உப்பியிருந்தது. மற்றபடி எந்தப் பழுதும் இல்லை. பொருத்தி ஓராண்டு ஆவதற்குள் வந்து சேர்ந்துவிட்டன.

உப்பிய கன்டென்சரைத் திருப்பிப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. அதன் மேலுறையில் 85 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. நான் மாதிரி போர்டு செய்தபோது கடைக்கு நேரில் சென்று வாங்கியது 105 டிகிரி. எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சரின் ஆயுளுக்கு எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: அதற்குரிய உச்ச வெப்பநிலையிலிருந்து பத்து டிகிரி குறையக் குறைய, ஆயுள் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். தகரப் பெட்டிக்குள், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நான் அளந்த வெப்பம் 65 டிகிரி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கன்டென்சர் அங்கே நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம், அதாவது மூன்றரை ஆண்டுக்கு மேல் உழைக்கும். 85 டிகிரியில் அதே 2000 மணி நேரம் தாங்குவது இரண்டு முறைதான் இரட்டிக்கும்; 8000 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓராண்டுக்கு 8760 மணி நேரம். மும்முனை மின்சாரம் இல்லாத வேளையிலும் மீதி ஃபேஸ்களில் இந்தப் போர்டு விழித்தே இருப்பதால், கணக்கு ஏறக்குறைய நாள் பிசகாமல் பலித்திருந்தது.

பர்ச்சேஸ் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று எழுந்தவள், அதற்குமுன் நான் அவனுக்குக் கொடுத்த பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்தேன். அந்தக் கன்டென்சரின் வரியில் "சி7, 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், எண்ணிக்கை 1" என்று இருந்தது. அவ்வளவுதான். 105 என்பது என் மனத்தில் இருந்ததே ஒழியத் தாளில் இல்லை. அவன் கடையில் போய் ஆயிரத்துக்கு இருபத்தைந்து என்று கேட்டிருக்கிறான், கடைக்காரர் அதைத்தான் கொடுத்திருக்கிறார். இருவரிடமும் ஒரு குற்றமும் இல்லை. கூப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பிசிபி எனப்படும் சர்க்யூட் போர்டின் வடிவமைப்பைக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் ஸ்கிமேட்டிக் என்னும் இணைப்புப் படமும், உறுப்புகளைப் போர்டில் அடுக்கும் லேஅவுட்டும் பல வாரம் எடுத்துக்கொள்கின்றன. பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் எனப்படும் பொருள்பட்டியலோ, கடைசி நாளில் மென்பொருளின் ஒரு பொத்தானை அழுத்தினால் தானே வந்து விழும் சமாச்சாரமாகக் கடந்துபோய்விடுகிறது. (எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதைச் சுருக்கமாக "பாம்" என்போம். காந்திபுரம் பேருந்தில் நின்றபடி "பாம் அனுப்பிட்டேன், வந்துச்சுங்களா?" என்று தொலைபேசியில் உரக்கக் கேட்டுப் பேருந்து முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தவள் நான்.) அந்தப் பொத்தான் தருவது நான்கு விவரங்கள்: உறுப்பின் அடையாள எண், மதிப்பு, ஃபுட்பிரிண்ட் (போர்டில் அது உட்காரும் தடத்தின் வடிவம்), எண்ணிக்கை. மென்பொருள் படம் வரையத் தேவையானவை இவை நான்கும்தான், ஆகவே அதற்கு இவை போதும். வாங்குகிறவருக்குப் போதாது. ஆர்12 ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் என்று சொல்லும் பட்டியல், அது ஒரு சதவீதத் துல்லியமா ஐந்து சதவீதமா, எத்தனை வாட் தாங்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அது வோல்டேஜை அளக்கும் இடத்தில் இருந்தால் இந்த வேறுபாட்டினால் மோட்டார் தவறான நேரத்தில் நின்றுபோகும், வெறும் எல்இடிக்கு முன்னால் இருந்தால் ஒன்றும் ஆகாது.

அன்றிலிருந்து என் பட்டியலில் தயாரிப்பாளர் பெயருக்கும், அவர் கொடுத்த முழு எண்ணுக்கும், மாற்றாக ஒப்புக்கொள்ளக்கூடிய இரண்டு எண்களுக்கும் தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்) வந்தன. அவற்றோடு, எந்தப் பாடப்புத்தகமும் கேட்காத ஒரு பத்தியை நானாகச் சேர்த்தேன். அதன் தலைப்பு "ஏன்". இந்த உறுப்பில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை அங்கே ஒரே வரியில் எழுதுகிறேன். சி7-க்கு நேராக இப்போது "105 டிகிரி கட்டாயம், வோல்ட் 35 ஆனாலும் சரி" என்று இருக்கிறது. கடையில் நிற்கும் தம்பிக்கு மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த வரி தெரிந்தால் போதும்.

முழு எண் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிக்னலைப் பெருக்கும் ஆப்ஆம்ப் சில்லு ஒன்றை எல்எம்358 என்று மட்டும் எழுதினால், கையில் எட்டு நீண்ட கால்களுடன் வரும் எல்எம்358பி கிடைக்கலாம், ரீலில் சுற்றி வரும் மெல்லிய எல்எம்358டிஆர் கிடைக்கலாம். உள்ளே இருக்கும் சில்லு ஒன்றானாலும் நம் போர்டின் துளைகளில் ஒன்றுதான் உட்காரும். எஸ்டிஎம்32எஃப்103சி8டி6 என்ற, நிரலை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லின் எண்ணில், சி என்றால் 48 கால், 8 என்றால் 64 கிலோபைட் நினைவகம், டி என்றால் தட்டையான எல்கியூஎஃப்பி உறை, கடைசி 6 என்றால் மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை. ஓர் எழுத்தை விட்டால் வேறொரு பொருளைக் கேட்டதாகிறது.

போர்டின் மேல் ஒட்டும் சிறு உறுப்புகளின் அளவு எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. 0603 என்று நாம் எல்லோரும் சொல்வது அங்குலக் கணக்கு. மில்லிமீட்டரில் அது 1.6-க்கு 0.8, மெட்ரிக் பெயர் 1608. மெட்ரிக் கணக்கிலும் 0603 என்று ஒன்று இருக்கிறது, அது அங்குலக் கணக்கில் 0201. கடுகளவு கூடக் கிடையாது. இணையத்தில் ஆர்டர் போடும்போது எந்தக் கணக்கு என்று பார்க்காமல் விட்டால், கையால் சால்டர் வைக்கவே முடியாத ஒரு ரீல் வீடு வந்து சேரும்.

இவ்வளவு கவனமாக எழுதியதையும் எக்செல் கெடுத்துவிடும். 0603 என்று தட்டினால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை விழுங்கி 603 ஆக்கும். எண்களுக்கு நடுவே ஈ என்ற ஆங்கில எழுத்து வரும் உறுப்பு எண்ணைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு சுருக்கிவிடும். சிஎஸ்வி கோப்பைத் தவறான குறியாக்கத்தில் திறந்தால் மைக்ரோ குறியீடு பொருளில்லாத இரண்டு கிறுக்கல்களாக மாறி நிற்கும். பத்திகளை முதலிலேயே "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட்டு அதன்பின் கோப்பை உள்ளே கொண்டுவருவதே வழி. 4.7 கிலோஓம் என்பதை 4கே7 என்று பழைய ஆட்கள் எழுதுவதும் இதுபோன்ற எச்சரிக்கைதான்: நகலெடுக்கும்போது புள்ளி அழிந்துபோய் 47 ஆகிவிடக் கூடாது என்பதற்காக, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தார்கள்.

மாற்று உறுப்புகள்தான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி என்பேன். மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி வரும். "ஏனுங்க அக்கா, நீங்க சொன்ன கம்பெனி இல்லைங்களாமா, வேற ஒண்ணு அதே மாதிரியே இருக்குதுங்களாம், வாங்கீரட்டுங்களா?" அந்த நேரத்தில், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் பார்க்காமல் நான் சொல்லும் "சரி" என்ற ஒரு சொல் ஐந்நூறு போர்டுகளில் ஏறிவிடும். ஆகவே அந்தக் கேள்விக்குரிய விடையை வரையும்போதே, மூளை தெளிவாக இருக்கும் காலை வேளையில், எழுதி வைத்துவிட வேண்டும். சாதாரண ஆப்ஆம்ப், டயோடு, ரெசிஸ்டர் போன்றவற்றில் இது சுலபம். சில உறுப்புகளோ ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்1117 ரெகுலேட்டரின் டேட்டாஷீட், வெளியீட்டில் நிற்கும் கன்டென்சரின் உள்மின்தடை 0.3 ஓமுக்கும் 22 ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. டான்டலம் கன்டென்சர் விலை அதிகம் என்று செராமிக் கன்டென்சரை மாட்டினால், அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், வெளியீடு நடுங்கத் தொடங்கலாம். பட்டியலில் இவை இரண்டும் தொலைவில் உள்ள இரண்டு வரிகள். ஒன்றை மாற்றுகிறவருக்கு மற்றது நினைவுக்கு வர வேண்டுமானால், "ஏன்" பத்தியில் அதை எழுதியிருக்க வேண்டும்.

செராமிக் கன்டென்சரில் எக்ஸ்7ஆர், ஒய்5வி என்ற குறிப்புகளையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை மதிப்பு 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. ஒய்5வி தன் 85 டிகிரி வரம்புக்குள்ளேயே 82 சதவீதம் வரை இழக்கலாம். இரண்டும் கடையில் ஒரே பெயரில்தான் கிடைக்கும்.

2021-இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது இது எல்லோருக்கும் புரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் டெக்சாஸ் குளிரில் ஆஸ்டின் நகரத்துச் சில்லு ஆலைகள் நின்றன; மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை தீப்பிடித்தது. கோயம்புத்தூரில் இருந்த எங்களுக்கு அது, மைக்ரோகன்ட்ரோலர் விலை பல மடங்கு ஏறியதாகவும், பணம் கொடுத்தாலும் கிடைக்காததாகவும் வந்து சேர்ந்தது. காலுக்குக் கால் பொருந்தும் ஜிடி32எஃப்103 என்ற மாற்றை வாங்கி மாட்டினோம். பொருந்தியது, ஓடவும் செய்தது. ஆனால் எங்கள் நிரலில் சில தாமதங்களை, வெறும் கட்டளையை இத்தனை முறை திரும்ப ஓட்டு என்ற எண்ணிக்கையால் எழுதியிருந்தோம், புதிய சில்லு தன் நினைவகத்திலிருந்து கட்டளைகளை வேறு வேகத்தில் எடுத்ததால் தாமதங்கள் சுருங்கி, ரிலே சுவிட்ச் சரியாக ஒட்டுவதற்கு முன்பே அடுத்த சோதனை நடந்து, போர்டு வீணாகப் பயந்து மோட்டாரை நிறுத்தியது. நிரலை மாற்றினோம். இப்போது அந்த மாற்று எண்ணுக்கு நேராக, எந்த நிரல் பதிப்போடு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு இருக்கிறது.

வரைபடத்தில் இல்லாதவை வேறு. ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர், மூடியின் நான்கு திருகாணிகள், மழைக்கால ஈரத்துக்கும் எறும்புக்கும் எதிராகப் பூசும் வார்னிஷ், பிசிபியே கூட மென்பொருள் தரும் பட்டியலில் வராது. எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் டிரான்ஸ்ஃபார்மர். அதை எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் சுற்றித் தருகிறார். அவருடைய நோட்டில் அதன் பெயர் "அம்மணியோட 12-0-12". அவருக்கு உடம்பு முடியாமல் போனால் வேறு யாரிடமும் போய் அந்தப் பெயரைச் சொல்லி வாங்க முடியாது. பம்ப் வார்ப்பு செய்யும் பட்டறைகள் இதில் எங்களைவிட எவ்வளவோ முன்னே இருக்கின்றன: ஒவ்வொரு வார்ப்பின் முதுகிலும் பேட்டர்ன் எண் புடைத்து நிற்கும், ஃபோர்மேன் ஒருபோதும் "அந்தப் பெரிய மூடி" என்று சொல்ல மாட்டார். 1937-லேயே மோட்டார் செய்த ஊரில், மின்னணுப் பட்டறைகள் மட்டும் பெயரில்லாத பொருள்களோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவரோடு இரண்டு மாலை உட்கார்ந்து, கம்பியின் கேஜ், சுற்று எண்ணிக்கை, கோரின் அளவு, வெளியே வரும் ஒயரின் நீளமும் நிறமும் எல்லாம் ஒரு தாளில் வரைந்து, எங்களுக்கென்று ஓர் எண்ணும் கொடுத்தேன். அவர் அந்தத் தாளைத் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டார். மேலே "அம்மணியோட" என்பதை மட்டும் அழிக்கவில்லை.

மொபைலில் இயக்கும் வகையும் சாதாரண வகையும் ஒரே போர்டுதான். பின்னதில் மொபைல் சிக்னலுக்கான ஜிஎஸ்எம் பகுதி காலியாக நிற்கும். முன்பு இதற்கு இரண்டு பட்டியல்கள் வைத்திருந்து, ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்திருக்கிறேன். போர்டு வரையும் கீகேட் மென்பொருளின் 7-ஆம் பதிப்பிலிருந்து ஓர் உறுப்பைப் "பொருத்தாதே" என்று குறித்து வைக்க முடிகிறது. இப்போது ஒரே கோப்பு.

பதிப்பு எண்ணையும் சொல்லியாக வேண்டும். போர்டில் வெள்ளை மையில் அச்சிட்ட பதிப்பும் பட்டியலின் பதிப்பும் வேறு வேறு. போர்டு மாறாமலேயே பட்டியல் மூன்று முறை மாறலாம். ஸ்டோர்ஸ் சுவரில் பழைய தாள் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கும், எத்தனை கோப்பு அனுப்பினாலும் கை அந்தத் தாளுக்குத்தான் போகும். புதியதைக் கொடுக்கும் அன்று நானே போய்ப் பழையதைக் கிழித்துவிட்டு வருகிறேன்.

பதினேழு போர்டுகளிலும் கன்டென்சரை மாற்றிப் பல்லடத்துக்கே திருப்பி அனுப்பியாயிற்று. போன வாரம் தம்பி கடையிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, 105 டிகிரி, 35 வோல்ட் இருக்குதுங்க. ஆனா உயரம் 20-க்குப் பதிலா 25 மில்லிமீட்டருங்களாமா. மூடி மூடுமுங்களா?" பெட்டியைத் திறந்து அளந்தேன். போர்டுக்கும் மூடிக்கும் நடுவே 23 மில்லிமீட்டர்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சி7-இன் வரியில் உயரத்தையும் எழுதினேன்.