பல்லில் எழுதிய பட்டா

நம் பள்ளித் தமிழாசிரியர் அய்யாவின் சாவுக்குப் பறை அடிக்கவில்லை. அவரே சொல்லி வைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. "வாழ்நாள் பூரா இதைச் சுடுகாட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். என் கட்டையோட திரும்ப அங்கயே அனுப்பிடாதீங்க" என்றாராம். பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது விளங்கவில்லை. பறையடித்தே பேர் வாங்கிய மனுஷன் பேச்சுமூச்சில்லாமல் போகிறாரே என்று கூட்டத்தில் ஒருவர் சத்தமாகவே கேட்டிருக்கிறார். நம் பழைய மாணவர் குழுவில் வந்த வீடியோவில் செருப்புச் சத்தமும் யாரோ இருமுவதும்தான் கேட்டன.

நினைவு மலருக்கு அய்யாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது முதலில் தயங்கினேன். அவரைப் புகழ்ந்து எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1991இல் நடந்த பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்திருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதை நானே சொல்லிவிடுவதுதான் நல்லது.

அதற்கு முன் அய்யா. புளியமரத்துப் பிரேயர், தலைமையாசிரியர் அறைக்கு எதிரில் முட்டி, மழை வந்தால் ஒன்பதாம் 'சி', வேலி ஓட்டை வழியாக நாலு ரோட்டுக் கடை என்று ஓடிக்கொண்டிருந்த நம் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்து சேர்ந்தார். தோளில் ஜோல்னாப் பை இல்லை, தாடி இல்லை. சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றிய ஒரு வட்டம் மட்டும் இருந்தது. முதல் வாரமே அது என்னவென்று தெரிந்துவிட்டது. கழிவறைக்குப் பின்னால் புகை வருகிறது என்று வாட்ச்மேன் வாளித் தண்ணீரோடு ஓடினால், அய்யா வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். தோல் இறுகினால்தான் பறை பேசும். இடது கையில் சிம்புக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. செய்யுள் பகுதியை அதில்தான் நடத்தினார். எனக்கு இன்றைக்கும் வெண்பாவுக்குச் சீர் பிரிக்க வருகிறதென்றால் அந்தத் தோல்தான் காரணம்.

பெற்றோர் சும்மா விடவில்லை. "சாவு மோளத்தைப் பள்ளிக்கூடத்துல அடிக்கிறதா?" என்று ஒரு கூட்டமே வந்தது. வந்தவர்களுக்கு உண்மையில் தெரியவேண்டியிருந்தது வேறு ஒன்று: இவர் என்ன சாதி? அதைக் கண்டுபிடிக்க ஊரே தவித்தது. நேரடியாகக் கேட்ட ஒருவரிடம் "தொண்டைச் சாதிங்க" என்றார். கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதில்லை என்று சொன்னால் அது பொய்.

பாட்டெல்லாம் அவரே கட்டியது. எந்தக் கட்சி மேடையிலும் பாட மாட்டார். சிவப்போ கருப்போ பச்சையோ, எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "கொடி மாறினா வரி மாத்தச் சொல்லுவீங்க" என்பது அவர் பதில். சனி ஞாயிறு பஸ் ஏறிவிடுவார். அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் நம் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரித்தார்கள். சந்தூர் மாந்தோப்பில் காய் பறிக்கும் பெண்களிடம் ஒரு பாட்டு, பாலக்கோட்டுக் கரும்புக்காரர்களிடம் ஒரு பாட்டு. பெண் சிசுக்கொலையைப் பற்றிய பாட்டுக்கு மட்டும் பறையை எடுக்க மாட்டார். வெறும் குரல்தான். வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் வருவதற்கு முன்பே, அந்தப் பேச்சை யாரும் வெளியே எடுக்காத ஊர்களில் அதைப் பாடினார். ஒரு ஊரில் கல் வந்தது. அடுத்த வாரமும் அதே ஊருக்குப் போனார், அதே பாட்டோடு. எழுத்தறிவு சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்து ஊர் ஊராகக் கலைப்பயணம் கிளம்பியபோதுதான் இதற்கெல்லாம் ஒரு மரியாதை கிடைத்தது. அதுவரை அவர் ஒண்டியாள்.

கேசட் போடலாம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். அய்யா மறுத்துவிட்டார். "கேசட்டுல போட்டா பாட்டு அங்கயே நின்னுடும். அடுத்த ஊர்ல வேற தண்ணி, வேற வலி. பாட்டும் மாறணும்." அப்போது இது பெரிய தத்துவமாகத் தெரிந்தது. இப்போது பிடிவாதமாகத்தான் தெரிகிறது. அவர் குரல் இன்று யாரிடமும் முழுதாக இல்லை. ஒருவன் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரில் திருட்டுத்தனமாகப் பிடித்த அரைப் பக்கக் கேசட் ஒன்று உண்டு. அதிலும் பாதிக்கு மேல் டவுன் பஸ் ஹாரன்.

சரி, பல்லுக்கு வருகிறேன்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிணறு வற்ற வற்ற ஆழ்துளை போட்டோம். ஆழம் போகப் போகப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எங்கள் தெருக் குழாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே கறை உள்ளே ஏறிவிடுகிறது, முளைக்கும்போதே காவியோடுதான் முளைக்கும். இது தெரியாமல் சாம்பல், உப்பு, செங்கல் தூள் என்று தேய்க்காத பொருள் இல்லை. ஈறு கிழிந்ததுதான் மிச்சம். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கறை இருந்தாலும் 'காவிப்பல்லு' என்ற பட்டம் எனக்கு மட்டும் நிலைத்தது. குரூப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்பவன் நான்தான்.

91 ஆண்டு விழாவுக்கு மாவட்ட ஆட்சியர் வந்திருந்தார். அய்யா புதுப்பாட்டு கட்டியிருக்கிறார் என்று பேச்சு. பல்லவி எடுத்தார்:

காணி நெலமில்ல, கவல இல்லடி
காவேரி ஓடுது, காவா இல்லடி
எந்த ஊருன்னு எவனும் கேக்க வேணாண்டி
எங்க ஊருப் பட்டாவே எங்க பல்லுடி

கூட்டம் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. நானும் போட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் அடியை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார். "டேய், மேல வா." ஏதோ பரிசு என்று நினைத்துத்தான் ஏறினேன். ஆட்சியருக்கு நேர் எதிரில் நிறுத்தி "சிரிடா" என்றார். நான் சிரிக்கவில்லை. "ஈ காட்டுடா, கலெக்டர் அய்யா பாக்கட்டும்." காட்டினேன். அப்போதுதான் அந்தச் சரணம் வந்தது, என் பட்டப்பெயரோடு. ஐந்நூறு பையன்கள் ஒரே நேரத்தில் சிரித்தால் தகரக் கூரை எப்படி அதிரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு அதை எதிர்ப்பக்கம் நின்று கேட்டேன்.

ஆட்சியர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து குனிந்து பார்த்தார், எந்தத் தெரு என்று கேட்டார். மறுவாரம் ஜீப் வந்து எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனது. அய்யா நினைத்தது நடந்துவிட்டது. தெருவில் எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். அந்த வருஷம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று கூடத் தெரியாது. ஊரெல்லாம் உற்றுப் பார்க்கிறவருக்கு முன்பெஞ்சு தெரியாமல் போவதும் உண்டு.

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயம், 1992 ஜூன் 20, வாச்சாத்தி நடந்தது. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலையடிவார ஊரில் புகுந்து ஆட்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்ததெல்லாம் நாட்டுக்கே பிறகுதான் தெரிந்தது. அய்யா முதலிலேயே அரூர்ப் பக்கம் போய்விட்டு வந்தார். வந்து ஒரு பாட்டு கட்டினார். பள்ளி மைதானத்தில் அதை ஒரே ஒரு முறை பாடினார். அப்புறம் மாற்றல் உத்தரவு வந்தது, மேலே இருந்து. எந்த மேல் என்று அவர் சொன்னதில்லை. சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றிய வட்டத்தோடு போனார். வழியனுப்பு விழா எல்லாம் கிடையாது. வேலி ஓட்டைப் பக்கம் நம்மில் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். கூட்டத்துக்குப் பின்னால் நானும் நின்றேன்.

2011 செப்டம்பர் 29 அன்று, வாச்சாத்தி வழக்கில் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று சொன்னது. தீர்ப்பைக் கேட்க அய்யாவும் போயிருந்தார். வெளியே அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். "அந்தப் பொம்பளைங்க கூண்டேறி சாட்சி சொல்லி ஜெயிச்சுட்டாங்க. இனி அவங்க கதையை அவங்களே சொல்லுவாங்க, நான் யாரு நடுவுல?" என்றாராம். அதன் பிறகு அதைப் பாடவே இல்லை. நண்பன் இதை போனில் சொன்னபோது, இந்த யோசனை இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் பல் விஷயத்திலும் வந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அப்படி வந்திருந்தால் ஜீப் வந்திருக்காது. இந்த இரண்டையும் என்னால் இன்றுவரை ஒரு பக்கமாக வைக்க முடியவில்லை.

நான் 98இல் அமெரிக்கா வந்தேன். எல்லாரும் வந்த அதே வழி, 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பாமல் திருத்துகிற அதே ஒய்-டூ-கே வேலை. இங்கே ஹட்சன் ஆற்றங்கரையில் குரோட்டன் பாயின்ட் பூங்காவில் அப்போது ஜூன் மாதம் ஒரு இசை விழா நடக்கும். சக ஊழியர் ஒருவர் கூட்டிப்போனார். பீட் சீகர் என்ற கிழவர் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தோடு மேடையேறினார். 1919இல் பிறந்தவர், குரல் என்று எதுவும் மிச்சமில்லை. ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினார், கூட்டம் பாடியது. அந்த ஆற்றைச் சுத்தப்படுத்தச் சொல்லி 1969இல் பாய்மரக் கப்பல் ஒன்றை மிதக்கவிட்டு, கரை ஊர்களிலெல்லாம் பாடியிருக்கிறார். 1955இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு யார் யாருக்குப் பாடினாய் என்று விசாரித்தபோது பதில் சொல்ல மறுத்ததால், பல வருஷம் தொலைக்காட்சிப் பக்கம் விடாமல் வைத்திருந்தார்கள். இங்கேயும் மாற்றல் உத்தரவு உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் அடுத்து யாரையாவது மேடைக்குக் கூப்பிடுவாரோ என்று எனக்குக் கொஞ்சம் நெஞ்சு அடித்தது.

பல்லுக்குப் பூச்சு போட்டது அதற்கும் முன்பே. வேலைக்குச் சேர்ந்து இன்சூரன்ஸ் கிடைத்ததும் முதலில் போன இடம் பல் மருத்துவரிடம்தான். அழகுக்குச் செய்வதற்கெல்லாம் இன்சூரன்ஸ் தராது என்றார்கள். கைக்காசு போட்டேன். அந்த அம்மா என் வாயைப் பார்த்ததும் "இந்தியாவில் எந்தப் பகுதி?" என்று கேட்டார். எந்த ஊருன்னு எவனும் கேக்க வேணாண்டி.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. அந்த ஜீப் வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து. அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை. "சப்புன்னு இருக்குதுடா, பழைய தண்ணியில ஒரு ருசி இருந்துச்சு" என்றார். மறு வருஷம் ஊருக்குப் போனபோது அய்யா வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ராகி காயப் போட்டிருந்தார். அடையாளம் தெரியாது என்று நினைத்துப் பெயரைச் சொன்னேன். பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. பட்டப்பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். என் வாயைத்தான் பார்த்தார்.

"பட்டா மாத்திட்டியாப்பா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன், வெள்ளையாக. சொம்பில் ஒகேனக்கல் தண்ணீர் கொடுத்தார். மேடையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எப்போது திரும்பி வருவாய் என்று நம் ஊரில் எல்லாரும் கேட்பார்களே, அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கமான பதில் தயாராக இருந்தது. கிளம்பும்போது "பேரனுக்குப் பாட்டு வேணும்னா சொல்லு, அந்த ஊர்த் தண்ணி எப்படின்னு எழுதி அனுப்பு, கட்டித் தரேன்" என்றார். எனக்குப் பேரன் இல்லை, மகன்தான். திருத்தவில்லை. அனுப்பவும் இல்லை.

கடைசியாக அவர் கட்டியது கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பற்றி என்று கேள்விப்பட்டேன். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்து பனிமலை போல நிற்குமே, அதைப் பற்றி. அதன் வரிகளும் யாரிடமும் முழுதாக இல்லை.

அதனால்தான் இந்த மலரில் ஆளுக்கு நினைவிருக்கும் வரிகளை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து மாந்தோப்புப் பாட்டு வந்திருக்கிறது, ஷார்ஜாவிலிருந்து அதே பாட்டு வேறு வரிகளோடு. இரண்டுமே சரியாகத்தான் இருக்கும், அவர் ஊருக்கு ஊர் மாற்றிப் பாடியவர். பல்லுப் பாட்டை நான் எழுதி அனுப்பினேன், மூன்றாவது சரணத்தை மட்டும் விட்டுவிட்டு. மறுநாளே ஆசிரியர் குழுவிலிருந்து போன். மஸ்கட் நண்பன் அந்தச் சரணத்தை முன்னாடியே அனுப்பிவிட்டானாம், ஒரு எழுத்து குறையாமல். போடலாமா என்று கேட்டார்கள். போடுங்கள், ஆனால் அடிக்குறிப்பில் அது யார் என்று விளக்க வேண்டாம் என்றேன். அதற்கு அவசியமே இல்லை சார், எல்லாருக்கும் தெரியும் என்றார்கள்.