தேவிபட்டினத்தில் அம்மாவின் நேர்த்திக்கடன்

தம்பி விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது இது. அவன் எழுந்து நடக்கட்டும், தேவிபட்டினத்தில் கடலுக்குள் இறங்கி, ராமர் வைத்த நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தை ஒன்பது சுற்று சுற்றுகிறேன் என்று. ஏழரைச் சனி நடக்கிறது, உயிர் தப்பியதே பெரிது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அவன் எழுந்தான். கம்பு ஊன்றி நடந்தான், அப்புறம் கம்பில்லாமல் நடந்தான், வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டான். அதற்குள் அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிற நிலைமை.

"நான் வேணும்னா உனக்குப் பதிலா சுத்திடுறேன்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நேந்தது நானு, சுத்துறது நீயா? சாமிகிட்டயே ஆள் மாத்தி விடுறியா?" என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமைதான் போக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அமாவாசை சேர்ந்து வரக்கூடாது என்பது என் வேண்டுகோள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் தேவிபட்டினத்தில் கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், தலைகள்தான் தெரியும். முட்டி வலிக்காரரை அந்தக் கூட்டத்தில் இறக்க முடியாது.

விடியுமுன் மதுரையில் வேன் ஏறினோம். பரமக்குடி தாண்டுகிற வரைக்கும் எல்லோருக்கும் நல்ல தூக்கம். ராமநாதபுரத்தில் ஒரு காபி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை. தேவிபட்டினம் திருப்பத்தில் டிரைவர் வண்டியை மெதுவாக்கியதும் அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டார். உப்பூர் பிள்ளையாரைப் பார்க்காமல் இங்கே எப்படி இறங்குவது? ராமரே அவரைக் கும்பிட்டுவிட்டுத்தானே இங்கே வந்தார்! போய்த் திரும்ப வேண்டுமே என்று டிரைவர் முணுமுணுத்தார். டீசல் யார் போடுவது என்று தம்பி அவரைச் சமாதானம் செய்தான்.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகர். கருவறைக்கு மேலே கூரை கிடையாது, வெயில் நேராக அவர் மேலேயே விழும். காலை வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் நிழல் தேடி ஒதுங்கி நிற்க, அவர் எண்ணெய் மினுமினுப்போடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கூட்டமே இல்லை. அம்மா தோப்புக்கரணம் போட முடியாமல் காதை மட்டும் பிடித்துக்கொண்டார். "முட்டி ஒத்துக்கல பிள்ளையாரப்பா, கணக்குல வச்சுக்க."

திரும்பித் தேவிபட்டினம் வருவதற்குள் மணி எட்டரை தாண்டிவிட்டது. வேன் கதவைத் திறப்பதற்கு முன்பே நான்கு பேர் வந்துவிட்டார்கள். "நாக தோஷமாம்மா? சனி தோஷமா? பித்ரு தோஷம் இருக்கு, முகத்துலயே தெரியுது." என் முகத்தில் தெரிந்தது தூக்கக் கலக்கம். நவதானிய செட்டு ஒரு விலை, அதைக் கையில் வைத்து மந்திரம் சொல்ல ஒரு விலை, குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை சங்கல்பத்துக்கும் தனித்தனி விலை, கடைசியில் "தட்சணை உங்க இஷ்டம்" என்று இன்னொரு விலை. அந்த இஷ்டமும் அவர்கள் இஷ்டம்தான். முறையாகப் பரிகாரம் செய்துவைக்கிறவர்களும் அங்கே உண்டு, அவர்கள் யாரும் வேன் கதவைப் பிடித்துத் தொங்குவதில்லை. பேரம் பேசி, கடையில் நாங்களே தானியம் வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தபோது அம்மா என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம்.

"ராகுகாலம் ஆரம்பிச்சுரும். பத்தரைக்கு அப்புறந்தான்."

சனிக்கிழமை ராகுகாலத்தை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கரையிலேயே உட்கார்ந்தோம். எதிரே ஒன்பது கல்லும் நன்றாகத் தெரிந்தன. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று சாய்ந்தாற்போல. ராமர் கையால் பிடித்துவைத்தவை என்றால் அப்படித்தானே இருக்கும்! அலையே இல்லை. ராமருக்காகக் கடலை அடக்கிய கடலடைத்த பெருமாள் இருக்கிற ஊராயிற்றே. வெயில் ஏற ஏற எனக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்துக்கு முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் டிபனாவது சாப்பிட்டிருக்கலாம் என்று தம்பியிடம் புலம்பினேன். அம்மா கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு எழுந்து போனால், காலையில் முழங்காலுக்குக் கீழே நின்ற தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. சில இடத்தில் இடுப்பளவு. போச்சு, இந்த ஆழத்தில் அம்மா எப்படி நடப்பார் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. படியில் பாசி. தம்பி முதலில் இறங்கித் திரும்பி நின்று இரண்டு கையையும் நீட்டினான். அம்மா ஒவ்வொரு படிக்கும் "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டே இறங்கினார். கடைசிப் படியை விட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்ததும் முனகல் நின்றுவிட்டது.

முதல் சுற்றில் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டாவது சுற்றில் விரலை மட்டும். அதற்கப்புறம் கையையே விட்டுவிட்டார்! சேலை தண்ணீரில் மேலே எழும்ப, அதை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் கல்லைத் தொட்டுத் தொட்டுப் போகிறார். "வலிக்கலடி" என்று என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார். தண்ணீருக்குள் உடம்பு பாரம் குறையும், மூட்டுக்குச் சுமை இருக்காது என்று தம்பிக்குப் பயிற்சி கொடுத்தவர் முன்பே சொன்னதுண்டு. அது அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்பது மணிக்கு இறங்கியிருந்தால் இந்தத் தண்ணீர் இருந்திருக்காதே! ராகுகாலம் என்று உட்காரவைத்து, கடலை ஏறச்சொல்லி, அதற்கப்புறம் அம்மாவைக் கூப்பிட்டது யார்? நான் டிபனுக்காகப் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களுக்காகத்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

ஐந்தாவது சுற்றோ ஆறாவதோ, என் காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. கடல்பாசி என்று நினைத்துக் குனிந்து இழுத்தால் ஒரு நைலக்ஸ் சேலை, முழு நீளத்துக்கு. தோஷம் போகட்டும் என்று உடுத்தின துணியைக் கடலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் தோஷத்தை இன்னொருவர் காலில் கட்டிவிட்டுப் போவதா பரிகாரம்? அம்மா காலில் அது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! தம்பி அதைச் சுருட்டிப் படியில் போட்டான். அடுத்த சுற்றில் ஒரு வேட்டி கிடைத்தது.

சனி பகவான் எது என்று பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காட்டினார். ஒன்பதாவது சுற்றில் அம்மா அந்தக் கல்லருகே நின்றுவிட்டார். கல் முழுக்கச் சிப்பி ஒட்டிச் சொரசொரப்பு, அதன் சந்துகளில் எள்ளும் மஞ்சளும் அப்பியிருந்தன. கையிலிருந்த தானியத்தை உச்சியில் வைத்தார். பாதி தண்ணீரில் உதிர்ந்து பரவ, சின்ன மீன்கள் கூடிவிட்டன. மற்றவர்கள் அந்தக் கல்லின் முன் பயந்து பயந்துதான் கும்பிடுகிறார்கள். அம்மா உள்ளங்கையை அதன் மேல் வைத்து, ஊருக்குக் கிளம்புகிற சொந்தக்காரரிடம் பேசுகிற குரலில், "எம் பிள்ளைய விட்டுட்டேல்ல. நல்லா இரு சாமி" என்றார். சனி பகவானை வாழ்த்தின ஆளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. தம்பி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றே மறந்துபோய்விட்டது.

மேலே ஏறினதும் முட்டி பழையபடி வலிக்க ஆரம்பித்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். வேன் வரைக்கும் தாங்கித்தான் கூட்டிவந்தோம்.

திருப்புல்லாணிக்கு நடை சாத்துவதற்கு முன் போய்ச் சேர்ந்ததும் அவன் செயல்தான். திருமங்கையாழ்வார் பாடிய பாண்டிய நாட்டுத் திவ்ய தேசம். ஆதி ஜெகந்நாதரையும் பத்மாசனித் தாயாரையும் அவசர அவசரமாகத்தான் சேவித்தோம். தர்ப்பசயன ராமர் சந்நிதியில் மட்டும் நல்ல வேளையாக எங்களைத் தவிர யாரும் இல்லை. சமுத்திரராஜன் வழிவிட மாட்டானா என்று தர்ப்பைப் புல்லில் படுத்துக் காத்திருக்கிற ராமர். சீதை பக்கத்தில் இல்லாத ராமர். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தம்பியிடம், "பகவானே மூணு நாள் கெடந்திருக்காருடா. நீ கெடந்ததுக்குப் போய் அழுதியே" என்றார். யார் அழுதது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அரசமரத்தடியில், நாகர் பிரதிஷ்டை செய்துவிட்டுப் பாயசப் பிரசாதத்துக்காக ஓர் இளஞ்ஜோடி உட்கார்ந்திருந்தது. தசரதனுக்கே பிள்ளை கொடுத்த இடம், அவர்களுக்கும் கிடைக்கட்டும். அவர்களைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தம்பியின் கல்யாண ஞாபகம் வந்துவிட்டது. பெருமாளிடம் அடுத்த வேண்டுதல் ஒன்று அங்கேயே போட்டாயிற்று. என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். தன் முட்டிக்கு மட்டும் எதுவும் கேட்டிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும்.

அங்கிருந்து சேதுக்கரை பக்கம்தான். கடலைப் பார்த்து நிற்கிற ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்த நேரமில்லை, துளசிமாலையோடு சரி. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பும்போது தம்பி மெதுவாக ஆரம்பித்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பாம்பனில் 2025இல் திறந்த புதுப் பாலத்தையும் பார்த்துவிடலாம், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்குமாம் என்றான்.

"ராமர் பாலம் ஆரம்பிச்ச இடத்துல நின்னுக்கிட்டு என்னடா பாலம் பாலம்ங்கிற?" என்றார் அம்மா.

"அப்ப ராமேஸ்வரம் போவோம். ராமநாதசாமியப் பாக்க வேணாமா? வழியில பாலம் தானா வரும்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். அப்புறம் டிரைவரிடம், ராமேஸ்வரத்தில் சாயங்காலம் நடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார்.