காரத்துக்கு ஒரு நேரம்

செப்டம்பர் 6, 2025, சனி

பாசாரில் இன்று கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) புதுசாக வந்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. ஒரு கிலோ எடுத்துச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, அரைத்த மசாலா விற்கும் அக்காவிடம் போனேன்.

பினாங்குச் சந்தைகளில் இந்த ஈர மசாலாக் கடைகள் இன்னும் இருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மிளகாய் விழுது, மஞ்சள், மல்லி, சீரகம், சோம்பு, இஞ்சி, பூண்டு எல்லாம் தட்டுகளில் தனித்தனிக் குவியலாக இருக்கும். "என்ன மீனும்மா? எத்தனை கிலோ? புளிக்கறியா, தேங்காப்பால் ஊத்துவியா? வீட்ல சின்னப் பிள்ளை சாப்பிடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாம் பதில் சொல்லச் சொல்ல அவர் கரண்டி குவியலுக்குக் குவியல் போய்வரும். புளிக்கறி என்றால் மிளகாய் ஒரு கை கூட, சோம்பு பேருக்குக் கொஞ்சம். பால் ஊற்றுவதாகச் சொன்னால் மல்லி ஏறும். கடைசியில் நாலைந்து நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொட்டலம் கைக்கு வரும். ஒரு வீட்டுக்கு, ஒரு வேளைக்கு என்று அளந்து தருகிற மசாலாவை டப்பாவில் வாங்க முடியாது.

வீட்டில் சட்டியை வைத்து எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். வெந்தயம், கறிவேப்பிலை, வெங்காயம், அப்புறம் விழுது. முதலில் சட்டியில் ஒரே நுரையும் ஆவியும்தான். விழுதில் இருக்கும் தண்ணீர் கொதித்துத் தீரும்வரை சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். அதுவரை மசாலா வேகிறதே தவிர வறுபடுவதில்லை. தண்ணீர் வற்றியதும் சட்டியின் சத்தமே மாறும். சளசளப்பு அடங்கி ஒரு மெல்லிய பொரிச்சல் கேட்கும். ஆரஞ்சு நிறம் செங்கல் நிறமாகும். மூக்கில் ஏறுகிற பச்சை வாடை போய், தும்மல் வராமல் குனிந்து முகரலாம். ஓரங்களில் சிவந்த எண்ணெய் கசிந்து வரும். மலாய்க்காரர்கள் பெச்சா மிஞாக் என்று சொல்வதும் இதைத்தான்.

மிளகாயின் காரமும் சிவப்பும் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் பிரியுமுன்னே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டால் காரம் குழம்பெங்கும் பரவாது. திப்பி திப்பியாக நின்று நாக்கைக் குத்தும். வீட்டுக் கறிகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். வேலை முடிந்து வந்த களைப்பில் எல்லோருக்கும் அவசரம். காரம் போதவில்லை என்று கடைசியில் மிளகாய்த்தூளைத் தூவுவதைவிட, இங்கே இன்னும் பத்து நிமிடம் நிற்கலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அத்தைக்குச் சளி. மிளகு ரசம்.

சரவாக் மிளகுதான் வாங்குகிறேன். மலேசிய மிளகின் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. ஒரு காலத்தில் பினாங்கிலேயே மிளகுத் தோட்டங்கள் இருந்தன. 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபின் முதலில் போட்ட பயிர்களில் மிளகும் ஒன்று. அதற்கும் முன்னே, அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் போர்த்துகீசியர் கொண்டுவரும்வரை, நம் அடுப்பில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். ரசம் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய சமையலின் ஞாபகம் வரும். மிளகாய் இல்லாமலேயே எவ்வளவு செய்திருக்கிறார்கள்!

மிளகைப் பொடித்து வைத்தால் நாளாக நாளாக வாசம் போய் வெறும் காட்டம்தான் மிஞ்சும். ஆகவே அப்போதைக்கப்போது உரலில் தட்டி, ரசம் நுரை கட்டும்போது போட்டு உடனே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்றார் அத்தை.

செப்டம்பர் 13, சனி

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) சம்பால் பெலாச்சான் இடிக்கக் கூப்பிட்டார். மிளகாயும் பெலாச்சான் என்ற புளிக்கவைத்த இறால் கட்டியும் சேர்த்து இடிக்கிற துவையல் அது. அவர் வீட்டுக் கல்லுரல் அவருடைய அம்மா காலத்தது; உள்பக்கம் வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கிறது.

பெலாச்சானைத் தட்டையாகத் தட்டி, இரண்டு பக்கமும் வெறும் சட்டியில் சுட்டார். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும், ஈரம் இருக்கவே கூடாது. அப்புறம் சிவப்பு மிளகாய் எட்டு, சிலி பாடி என்கிற ஊசி மிளகாய் நாலு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு போட்டால் மிளகாய் வழுக்காது என்றார். ஒரேயடியாக நசுக்காமல், அங்கங்கே தோல் தெரிகிற பதத்தில் நிறுத்திவிட்டார். கடைசியில் லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை இரண்டைப் பிழிந்து, தோலையும் உள்ளே போட்டுக் கிளறினார்.

மிக்சியில் அரைத்தால் எல்லா வாயும் ஒரே மாதிரி இருக்கும். இதில் ஒரு வாய் புளிப்பு, ஒரு வாய் பெலாச்சான், அடுத்த வாயில் சிலி பாடி நேராக மண்டைக்கு ஏறும். பச்சையாக உண்கிற காரத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் வேண்டும்.

விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடும் என்று என் மகள் பள்ளியில் கேட்டு வந்திருக்கிறாள். ஒரு மிளகாயைக் கீறிக் காட்டினேன். விதைகள் ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதை இருக்கிறதே, காரம் ஊறுவது அங்கேதான். விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதுவும் காரமாகிறது. வெள்ளையைக் கத்தியால் வழித்துவிட்டு ஒரு துண்டு கொடுத்தேன். பயந்து பயந்து கடித்தவள் அடுத்த துண்டைத் தானே எடுத்துக்கொண்டாள். அப்புறம் துணிச்சல் வந்து சம்பாலில் விரலை வைத்தாள், கண் கலங்கியது. தண்ணீர் கேட்டாள், பால் கொடுத்தேன். பாலில் உள்ள புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் அதை வாயெல்லாம் பரப்பத்தான் செய்யும்.

நாக்கில் சூட்டை உணர்கிற வாங்கி ஒன்று இருக்கிறது. சுடுதண்ணீர் பட்டால் திறக்கும் அதே வாங்கியை மிளகாயும் திறந்துவிடுகிறது, அதனால்தான் எரிகிறது. இதை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1997இல் கண்டுபிடித்தார். 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. மகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. நிஜமாகச் சுடவில்லை, சுடுகிற மாதிரி ஒரு சேதி மட்டும் போகிறது என்றதும் சம்பால் கிண்ணத்தையே உற்றுப் பார்த்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மிளகாய் இடித்த கை இரவெல்லாம் எரிகிறது என்று தங்கச்சி கிள்ளானிலிருந்து கேட்டாள். முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைக்கச் சொன்னேன், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு. கண்ணைத் தொடாதே.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசியா தினம், எல்லோருக்கும் விடுமுறை. நாளை புரட்டாசி பிறக்கிறது. இனி ஒரு மாதம் மீன் கிடையாது என்பதால் என் வீட்டுக்காரர் அசாம் லக்சா கேட்டார், புளிப்பான மீன் குழம்பில் போடும் நூடுல்ஸ்.

லக்சாவில் நான் கவனிக்கிற விஷயம், மீன் கறிக்குச் சொன்ன சட்டம் இங்கே செல்லாது என்பதுதான். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், செரை (எலுமிச்சைப் புல்), லெங்குவாஸ் (சித்தரத்தை வகைக் கிழங்கு), பெலாச்சான் எல்லாம் அரைத்த விழுதை எண்ணெயில் வதக்குவதே இல்லை. மீன் வெந்த தண்ணீரில் நேராகக் கரைத்துக் கொதிக்கவிடுகிறோம். தேங்காய்ப்பாலும் கிடையாது. புளி, அசாம் கெப்பிங் (காய்ந்த புளிப்புப் பழத் துண்டு), வாசத்துக்குக் கெசும் இலை, இரண்டாகப் பிளந்த காந்தான் என்ற இஞ்சி வகைப் பூ, உதிர்த்த கெம்போங் மீன். அவ்வளவுதான்.

எண்ணெய் இல்லாத குழம்பு என்பதால் காரத்துக்கு ஒதுங்க இடம் இல்லை. தேங்காய்ப்பால் கறியில் காரம் கொழுப்போடு சேர்ந்து மெல்ல வரும், சாப்பிட்டு முடித்த பிறகுதான் உதட்டில் தெரியும். லக்சாவில் முதல் உறிஞ்சலிலேயே தொண்டையில் பிடிக்கும், நெற்றியில் வேர்வை துளிர்க்கும். உடனே புளிப்பு வந்து கழுவிவிடும். மேலே போடுகிற அன்னாசி, வெள்ளரிக்காய், புதினா எல்லாம் வேடிக்கைக்கு இல்லை. அந்த வேகத்துக்கு நடுநடுவே மூச்சு விட இடம் தருவது அவைதான். ஒரு கரண்டி ஓதாக் ஊடாங் என்ற கருப்பு இறால் விழுதைக் கரைத்துக்கொண்டால் இனிப்பும் உப்பும் சேரும். அத்தை கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், கெடா லக்சாதான் லக்சா என்பார். இன்று இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டும் அதையேதான் சொன்னார்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. வெங்காயம் பூண்டு கூட இல்லாத சமையல். இன்றைய தளிகை புளியோதரை, அன்னாசிப் பச்சடி, உருளைக்கிழங்கு, அப்பளம்.

சைவம் என்றால் காரம் குறையும் என்று நினைப்பவர்களை இந்த அன்னாசிப் பச்சடிக்கு அழைக்க ஆசை. அன்னாசியை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துச் சேர்த்து, ஆறியதும் கடைந்த தயிரில் கலக்க வேண்டும். பச்சைக் கடுகு அரை தேக்கரண்டியைத் தண்ணீர் தெளித்து நுணுக்கி, அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். கடுகு முழுசாக இருக்கும்வரை காட்டமே இல்லை. நசுங்கி ஈரம் பட்டதும்தான் அதற்குள் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சந்தித்துக் காரத்தை உண்டாக்குகின்றன. சூடு அதிகமானால் அந்தச் சந்திப்பு நடக்காது. அதனால்தான் தாளித்த கடுகு மணக்கிறது, ஆனால் ஏறுவதில்லை. அரைத்த கடுகின் காரம் நாக்கில் தங்காமல் மூக்கின் உச்சிக்குப் போய் நொடியில் மறையும். மிளகாயிடம் இந்தக் குணம் கிடையாது.

அத்தைக்கு ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பச்சடியில் வழக்கமான உப்பில் பாதிதான் போட்டேன். புளிப்பும் கடுகும் இருந்ததால் உப்பு எங்கே என்று ஒருவரும் தேடவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் காரத்தை விதவிதமாகக் கற்றுக்கொள்ள நினைக்கிறேன். வயதானவர் தட்டில் ருசி குறையக் கூடாது.

அக்டோபர் 4, சனி

தீபாவளி 20ஆம் தேதி. கறித்தூள் திரிக்கும் வேலை முடிந்தது.

மல்லி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரை கிலோ, சீரகமும் சோம்பும் நூற்றைம்பது கிராம் வீதம், மிளகு நூறு, மஞ்சள் நூறு, வெந்தயம் ஒரு பிடி, கறிவேப்பிலை இரண்டு கொத்து. இது அத்தையின் கணக்கு. மிளகாயில் பாதி குண்டூர், காரத்துக்கு. பாதி காஷ்மீரி, நிறத்துக்கு. காரத்தையும் நிறத்தையும் ஒரே மிளகாயிடம் கேட்டால் இரண்டில் ஒன்று குறையும்.

இந்த மாதத்து மழையில் வெயிலை நம்ப முடியாது. கிடைத்த வெயிலில் காயவைத்து, மீதி ஈரத்துக்கு அடுப்பில் இளஞ்சூட்டில் தனித்தனியாக வறுத்தேன். மல்லி பொறுக்கும், சீரகம் பொறுக்காது. ஒன்றாகப் போட்டு வறுத்தால் ஒன்று கருகி ஒன்று பச்சையாக நிற்கும். மிளகாயைக் கையில் எடுத்து முறித்தால் டப்பென்று உடைய வேண்டும். வறுக்கும்போது சன்னலைத் திறந்து வைத்திருந்தும் வீடே இருமியது.

லிட்டில் இந்தியாப் பக்கம் மில்லில் கொடுத்துத் திரித்து வாங்கினோம். அரைபட்ட சூட்டில் தூள் கையில் பொறுக்காது. அப்படியே புட்டியில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி விழும், வாசமும் போகும். வந்ததும் தாளில் பரப்பி, மின்விசிறி போடாமல் மத்தியானம் வரை ஆறவிட்டேன். பாதி எங்களுக்கு, கால் பங்கு மாக்சிக்குக்கு, மீதி கிள்ளானுக்குத் தங்கச்சியிடம் போகும். இந்த வருஷம் ஆட்டிறைச்சிப் பிரட்டலை அவள்தான் செய்யப் போகிறாள். தூளைச் சட்டியில் போடுமுன் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், கருகாது. எண்ணெய் பிரிந்த பிறகு இறைச்சி, அதற்கு முன்னே வேண்டாம் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதிவிட்டேன்.