முதலைக்கு எத்தனை விரல்?

சின்னப் பிள்ளைகளுக்கு மிருகங்களைக் காட்ட வேண்டும் என்றால் நாம் நேராகப் பெரிய உயிரியல் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவோம். காலையில் உள்ளே நுழைந்தால் சாயங்காலத்துக்குள் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும், கொடுத்த காசு வீணாகிவிடக் கூடாது. வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர். ஆறு வயதுக் கால்கள் அதில் எவ்வளவு தூரம் நடக்கும்? புலியிடம் போவதற்குள் கால் வலி, சிங்கத்திடம் போவதற்குள் தாகம், நீர்யானை வரும்போது தோளில் தூக்கம். மறுநாள் என்ன பார்த்தாய் என்று கேட்டால் பேட்டரி வண்டியில் போனதைத்தான் சொல்லும்.

என் மகளின் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு இந்தச் சுற்றலில் நம்பிக்கை கிடையாது. பருவம் முழுக்க ஒரே ஒரு மிருகம், கடைசியில் அதைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். எந்த மிருகம் என்பதற்கு வகுப்பில் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். யானை தோற்றது, முதலை ஜெயித்தது. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணைக்குப் பயணம். துணைக்குப் பெற்றோர் சிலர் வேண்டும் என்றதும் நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

பயணத்துக்கு முன்னால் பள்ளியில் நடந்ததைச் சொல்லாமல் பண்ணைக்குள் போக முடியாது. ப்ராஜெக்ட் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை தூங்கிவிடும், அப்பா கம்ப்யூட்டரில் படம் தேடுவார், அம்மா ராத்திரி பதினோரு மணிக்கு சார்ட் பேப்பரில் பசை தடவிக்கொண்டிருப்பார். இந்த டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்: வீட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரக் கூடாது, எல்லாம் வகுப்பில்தான். பெற்றோர்கள் சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு நிம்மதி.

முதலில் நீளம். சதுப்புநில முதலை, அதாவது நம் ஊர் ஆறுகளிலும் அணைகளிலும் இருக்கும் முதலை, வளர்ந்தால் மூன்றரை, நான்கு மீட்டர் வரை வரும். மீட்டர் என்றால் ஒன்றாம் வகுப்புக்கு ஒன்றும் புரியாது. அதனால் வராந்தாவில் பிள்ளைகளைத் தலைக்கும் காலுக்குமாக வரிசையாகப் படுக்க வைத்துச் சுற்றி சாக்பீஸில் முதலை வரைந்தார்கள். மூன்று பிள்ளை படுத்தால் ஒரு முதலை. அன்றிலிருந்து அந்த வகுப்பில் நீளத்துக்கு அலகு 'பிள்ளை'. வீட்டில் எங்கள் கட்டில் ஒன்றேமுக்கால் பிள்ளை என்று அளந்து சொன்னாள் மகள்.

அப்புறம் முட்டை. முதலைக் குட்டி ஆணா பெண்ணா என்பது முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூட்டைப் பொறுத்தது. சதுப்புநில முதலைக்குச் சுமார் 32.5 டிகிரி செல்சியஸில் ஆண் குட்டிகள் அதிகம் வரும், 30 டிகிரியை ஒட்டி இருந்தால் பெண்தான். இதை எப்படி ஆறு வயதுக்குச் சொல்வது? இரண்டு தட்டில் மணலை நிரப்பி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை வேப்ப மரத்தடியிலும் வைத்து, தினமும் பிள்ளைகளே உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்கள். பிறகு வெப்பமானியைச் செருகினார்கள். மேல் மணல் சுடும்போதும் கொஞ்சம் கீழே மிதமாக இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். தாய் முதலை ஏன் குழி தோண்டி முட்டையிடுகிறது என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு விளையாட்டும் உண்டு. யார் அதிக நேரம் அசையாமல் இருப்பது என்ற முதலைப் போட்டி. கண்ணை மட்டும் சிமிட்டலாம். இதன் பலன் என்ன என்று பண்ணையில்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை பண்ணைக்கு விடுமுறை, எனவே வேறொரு வார நாளில் போனோம். வார நாளென்றால் கூட்டம் குறைவு, பிள்ளைகளைக் கண்ணில் வைத்துக்கொள்வது சுலபம். காலையிலேயே போனது நல்லதாகப் போயிற்று. இளவெயிலில் முதலைகள் கரையேறிக் கிடந்தன. சதுப்புநில முதலைகளின் பெரிய குளம் ஒன்று இருக்கிறது, கரை முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. எங்களுக்கு முன்னால் நின்றிருந்த ஒரு குடும்பத்தில் ஒருவர், "பொம்மைடா இதெல்லாம், அசையவே இல்ல பாரு" என்று சொல்லிவிட்டுக் கீழே கிடந்த சின்னக் கல்லைத் தேடினார். எங்கள் கூட்டத்தில் ஒரு வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அங்கிள், அது வாயைத் திறந்து வச்சு சூட்டை வெளிய விடுது. தூங்கல. கல்லெல்லாம் போடக் கூடாது" என்றது. அவர் கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

அசையாத மிருகத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். டிவியில் முதலை என்றால் எப்போதும் பாய்ந்துகொண்டே இருக்கும். ஆனால் இவர்கள் அசையாமல் இருந்து பார்த்து, மூக்கு அரித்து, தோற்றுப் போனவர்கள். அதனால் அந்த முதலைகள் மீது ஒரு மரியாதையே இருந்தது. "இது ஜெயிச்சுடும் மிஸ்" என்றாள் ஒருத்தி. முதலை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெயிலிடம் வாங்கிக்கொள்கிறது, அதனால் அதற்குச் சாப்பாடு கொஞ்சம் போதும் என்று டீச்சர் சொன்னதும், "அப்ப நாம ஏன் மிஸ் தினமும் சாப்பிடணும்?" என்று கேள்வி வந்தது. நல்ல கேள்வி. சாப்பிடுவதில் பெரும் பங்கு நம் உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், "மூணே கால் பிள்ளை!" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். அளவெடுப்பு தொடங்கிவிட்டது.

சுவரை ஒட்டி ஒரு முதலை தண்ணீருக்குள் பாதி, வெளியே பாதியாகக் கிடந்தது. எல்லோரும் குனிந்து அதன் கண்ணையே பார்த்தோம். பொன்னிறக் கண், நடுவில் செங்குத்தாகக் கறுப்புக் கோடு. அது தலையைத் தண்ணீருக்குள் இறக்கும் நேரத்தில், மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரு மெல்லிய தோல் கண்மீது குறுக்கே ஓடியது. மேலிருந்து கீழே மூடும் இமை அல்ல, அது மூன்றாவது இமை. கண்ணாடி போலத் தெரியும் அந்தத் தோல் தண்ணீருக்குள் கண்ணைக் காக்கும். "வைப்பர்! கார் வைப்பர் மாதிரி!" என்று ஒரு பையன் கத்தினான். முதலை மெதுவாக மறுபடி தலையைத் தூக்கியது, தோல் திரும்பி உள்ளே போனது. அதை மறுபடி பார்க்க வேண்டும் என்று அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தார்கள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை, ஆனால் வந்த வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அந்த முதலை கரையில் காலை ஊன்றியபோதுதான் விரல் விவகாரம் வந்தது. வராந்தா முதலைக்கு நான்கு காலிலும் ஐந்தைந்து விரல் வரைந்திருந்தார்கள். என் மகளின் தோழி சத்தமாக எண்ணினாள். முன்னங்காலில் ஐந்து. பின்னங்காலில் நான்கு. மறுபடி எண்ணினாள். நான்குதான். பண்ணையில் விளக்கம் சொல்ல வந்த இளைஞரிடம் ஓடி, "அண்ணா, இதுக்கு ஒரு விரல் யாரோ கடிச்சிட்டாங்க" என்றாள். அவர் சிரிக்காமல் பக்கத்து முதலையின் காலைக் காட்டினார். அதற்கும் நான்கு. அதற்கடுத்ததற்கும் நான்கு. "எல்லா முதலைக்கும் பின்னாடி நாலுதான், பாப்பா." பிள்ளைகள் மிகவும் பெருமைப்பட்டார்கள், இது அவர்களே கண்டுபிடித்த செய்தியாயிற்றே. எந்தச் சார்ட் பேப்பரிலும் இந்தத் திருத்தம் வந்திருக்காது.

"தண்ணிக்குள்ள வாயைத் திறந்தா தண்ணி வயித்துக்குள்ள போயிடாதா அண்ணா?" என்பது அடுத்தது. நாக்கின் பின்பக்கம் இருக்கும் ஒரு மடல் தொண்டையை மூடிக்கொள்ளும், அதனால் வாய் திறந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது என்றார். நாக்கு வாயின் தரையோடு ஒட்டியிருப்பதால் முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது என்றும் சொன்னார். உடனே அத்தனை பேரும் முதலையைப் பார்த்து நாக்கை நீட்டினார்கள்.

பண்ணையின் கதையையும் அவர் சுருக்கமாகச் சொன்னார். தோலுக்காக வேட்டையாடி, முட்டைகளையும் எடுத்து, 1970களில் இந்திய முதலைகள் மிகக் குறைந்துபோயின. 1976-இல் ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் முதலைகளைப் பெருக்குவதற்காக இந்த இடத்தைத் தொடங்கினார்கள். இங்கே பொரித்த குட்டிகள் பல மாநில ஆறுகளுக்கும் சரணாலயங்களுக்கும் போயின. பிறகு விடுவதற்கு இடம் கிடைக்காமல் போய், பெருக்குவதைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. முதலையே இல்லை என்று தொடங்கிய இடத்தில் முதலை அதிகம் என்ற தலைவலி! நம் மாநிலத்திலேயே அமராவதி அணை, மோயாறு, கொள்ளிடம் என்று இன்னும் இயற்கையாக வாழ்கின்றன. கொள்ளிடக் கரை ஊர்க்காரர்களிடம் கேட்டால் பெருமையோடு பயத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்.

குளத்தின் மேலே மரங்களில் கொக்குகள் கூடு கட்டும். அதை ஒட்டி ஒரு செய்தி இருக்கிறது, பெரியவர்களுக்கே வாய் பிளக்கும். இந்தப் பண்ணையின் முதலைகள் சில, மூக்கின் மேல் குச்சிகளைத் தாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கூடு கட்டக் குச்சி தேடும் பறவை கிட்டே வந்தால் லபக். முதலையின் உறவான அமெரிக்க அலிகேட்டர்களிடமும் கூடு கட்டும் காலத்தில் இதைப் பார்த்து, 2013-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். குரங்கின் ஈரலைக் கேட்டு ஏமாந்த முட்டாள் முதலைக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பேரதிர்ச்சி. "கொக்கு பாவம்" என்று ஒரு கட்சி, "முதலைக்கும் பசிக்கும்ல" என்று ஒரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

சொம்புமூக்கு முதலையிடம் போனபோது பிள்ளைகளுக்கு அதன் நீண்ட ஒல்லி வாய் புதிதாக இல்லை. வகுப்பில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஸ்கேலின் விளிம்பையும் எழுது பலகையையும் பக்கவாட்டில் வீசிப் பார்த்திருக்கிறார்கள். பலகை தண்ணீரில் மாட்டிக்கொள்ளும், ஸ்கேல் வழுக்கிக்கொண்டு போகும். மீனைப் பக்கவாட்டில் வீசிப் பிடிக்கிற முதலைக்கு எது வசதி என்று கேட்கவே வேண்டாம். வட இந்தியாவின் சம்பல் போன்ற ஆறுகளில் வாழும் இந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. உவர்நீர் முதலையையும் பார்த்தோம், பெரிய ஆண், தனியாக. "நாலரைப் பிள்ளை" என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

வளாகத்துக்குள் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் நிலையமும் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்கக் கொடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இருளர் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றது இந்தக் கைத்திறனுக்குத்தான். பானைக்குள்ளிருந்து பாம்பை எடுக்கும் அந்த நிதானத்தைப் பெரியவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சின்னவர்கள் அதற்குள் களைத்துவிட்டார்கள். ராட்சத ஆமைகளையும் போகிற போக்கில்தான் பார்த்தோம். முதலைக்காக வந்தவர்கள் முதலையைப் பார்த்துவிட்டார்கள், மிச்சத்தை நான் வற்புறுத்தவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கடலோரம் என்பதால் பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், முதலைகளும் தண்ணீருக்குள் போய்விடும். சுவர் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வயதுப் பிள்ளைகள் என்றால், நான்கைந்து பேருக்கு ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். சுவர்மேல் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து போட்டோ எடுக்கிறவர்களை நான் கண்ணால் பார்த்தேன், தயவுசெய்து வேண்டாம்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மணல் தட்டுக் குழுவைச் சேர்ந்த பையன் டீச்சரிடம் கேட்டான்: "மிஸ், இந்தக் கடல்ல முட்டை போடற ஆமைக்கும் மண்ணு சூடுதானா?" ஆமாம், ஆனால் அது தலைகீழ் என்றார் டீச்சர். பங்குனி ஆமைக்கு மணல் அதிகம் சுட்டால் பெண் குட்டி, குளிர்ச்சியாக இருந்தால் ஆண். இதைக் கேட்டதும் அடுத்த ப்ராஜெக்ட் முடிவாகிவிட்டது, ஓட்டெடுப்பு இல்லாமலே. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். ராத்திரி நடைக்கு இவர்கள் இன்னும் வளர வேண்டும். மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது பார்க்கப் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, யாரும் டார்ச் கொண்டு வரக் கூடாது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து வழி மாறிவிடும். இப்போதே ஒருவன் பேரம் பேச ஆரம்பித்துவிட்டான்: டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டினால் பரவாயில்லையா மிஸ், இல்லையா?